ஆர்.எக்ஸ் 100, ஆர்.டி 350 வாங்கப் போறீங்களா? இன்ஜினுக்கு முன்னாடி ஆர்.சி-யைப் பாருங்க!

கொரட்டூர், பாடி, அம்பத்தூர் பக்கம் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் ஒன்று கிளம்பினால், அந்தச் சத்தத்துக்கே தெருவில் தலைகள் திரும்பும். நல்ல நிலையில் இருக்கும் ஆர்.எக்ஸ் 100 இன்று லட்ச ரூபாயைத் தாண்டி விலை பேசப்படுகிறது. ஆனால், சட்டத்தின் பார்வையில் இந்த வண்டிகள் ஒரு சிக்கலான வயதில் நிற்கின்றன. சாதாரண வண்டிக்கான வயது முடிந்துவிட்டது. 'வின்டேஜ்' என்று சொல்லும் வயது இன்னும் வரவில்லை.

சென்னைக்கு ஏன் இந்த மோகம்?

கொரட்டூருக்கு வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான இங்குதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் வந்தது. அந்தக் காலத்து பைக் பந்தயங்களில் டூ-ஸ்ட்ரோக்தான் ராஜா.

காரணம் எளிது. ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒருமுறை எரிபொருள் எரியும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். 98 சிசி-யில் 11 குதிரைத் திறன் கொண்ட ஆர்.எக்ஸ் 100 சீறிப் பாய்ந்தது அதனால்தான். ஆனால் அதே அமைப்பில் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறும். ஆயிலும் சேர்ந்து புகையும். புகை விதிகள் இறுக இறுக, ஆலைகளில் உற்பத்தி நின்றது.

வயசானாலும் 'வின்டேஜ்' இல்லையா?

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகள் தாண்டிய, அடிப்படை அமைப்பு மாறாத வண்டிதான் வின்டேஜ். அதற்கு 'VA' வரிசை எண் தருவார்கள். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

1960-களின் தொடக்கத்தில் மைசூருவில் தயாரிப்பு தொடங்கிய ஜாவா வண்டிகளில் பல இந்த வயதை எட்டிவிட்டன. ராஜ்தூத் பெயரில் 1983-ல் வந்த ஆர்.டி 350-க்கு 2033 வரையும், 1985-ல் வந்த ஆர்.எக்ஸ் 100-க்கு 2035 வரையும் காத்திருக்க வேண்டும்.

அதுவரை என்ன வழி?

டெல்லியைப் போல 15 ஆண்டு பழைய பெட்ரோல் வண்டிக்கு இங்கே தடை இல்லை. ஆர்.டி.ஓ ஆய்வில் தேறினால், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 20 ஆண்டு தாண்டிய பைக்குக்கான கட்டணம் 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 2,000 ரூபாய். பசுமை வரி தனி. புதுப்பிக்கத் தாமதித்தால் மாதம் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் என்றும் விதி இருக்கிறது. ஆண்டுக்கு 3,600 ரூபாய்! "ஆர்.சி-யை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விற்பவர் சொன்னால், இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

புகைச் சான்றுக்கு பி.எஸ் 6 அளவு தேவையில்லை. 2000 மார்ச் 31 வரை தயாரான பைக்குகளுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம் வரை அனுமதி உண்டு. நன்றாகப் பராமரித்த வண்டி தேறிவிடும்.

பந்தய வண்டியாக மாற்றினால்?

ஆபத்தே இங்குதான். ஆர்.எக்ஸ் 100-ல் 135 சிசி இன்ஜினை ஏற்றுவது, போர்ட்டிங் செய்வது, சைலன்சரைக் கழற்றிவிட்டு எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டுவது எல்லாம் ரசிகர்களிடம் சகஜம். ஆனால் நிறுவனம் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். நாளைக்கு வின்டேஜ் பதிவு கேட்கும்போதும் இதே மாற்றங்கள் குறுக்கே நிற்கும். பந்தயத்துக்காக மாற்றிய வண்டியை லோடு வண்டியில் ஏற்றி ட்ராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டுவதுதான் சரி.

பெட்ரோலையும் கவனிங்க

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் ஆர்.சி-யோடு ஒத்துப்போகிறதா? எண்ணைத் தேய்த்து மறுபடி அடித்த தடம் இருக்கிறதா?
* பதிவு எதுவரை செல்லும்? கடன், வழக்கு, அபராதம் ஏதும் நிலுவையில் உள்ளதா?
* ஆர்.சி-யில் உள்ளவரே விற்கிறாரா? அவர் இறந்திருந்தால் வாரிசுகளின் கையெழுத்து கிடைக்குமா?
* ஒரிஜினல் சைலன்சர், கார்புரேட்டர், டேங்க் இருக்கிறதா?

தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் ரீபோர் செய்து சரிபண்ணிவிடலாம். எண் ஒத்துப்போகாத ஆர்.சி-யை எந்தப் பட்டறையிலும் சரிபண்ண முடியாது.