பென்சிலுக்கு முன்னால் ஒரு பென்சில்

போடிநாயக்கனூரில் கூலிக்குப் பென்சில் உருவப்படம் வரைகிறவன் நான். படத்தின் வெற்றி கையின் லாகவத்தில் இருக்கிறது என்ற பொய்யை எங்கள் தொழிலில் எல்லோரும் சௌகரியமாக நம்புகிறார்கள். எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைவது என்று தீர்மானிக்கிற இடத்திலேயே படம் பிழைத்துவிடுகிறது, அல்லது செத்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டு, பிறகு 6பி பென்சிலால் கூந்தலைப் பளபளக்க வைக்கிற சகாக்களோடுதான் எனக்குச் சண்டை.

இங்கே கேட்டு வருகிற படங்களில் பெரும்பாலானவை இறந்தவர்களுடையவை. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலச்செடியின் தூரில் தரையோடு கிடக்கும் சரங்களில் குனிந்து காய் எடுத்து, சாயங்காலம் இறங்கி, இப்படியே ஆயுளைக் கழித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மூன்று படம் தேறும்: அடையாள அட்டைப் படம், இளவயதில் எடுத்த ஸ்டூடியோப் படம், பேரன் செல்போனில் எடுத்தது. 'லட்சணமா இருக்கு' என்று ஸ்டூடியோப் படத்தைத்தான் நீட்டுவார்கள்.

அந்த லட்சணம் எப்படி வந்தது? பழைய ஸ்டூடியோக்களில் நெகடிவின் மேலேயே கூராகச் சீவிய பென்சிலால் டச் செய்வார்கள். சுருக்கமும் தழும்பும் நெகடிவில் வெளிறித் தெரியும். அங்கே பென்சில் ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவிடும். ஆக, நான் பென்சிலைத் தொடுமுன்பே ஒரு பென்சில் அவள் முகத்தை அழித்தாயிற்று. மிச்சத்தைப் பார்த்து வரைவது அழித்ததற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிற காரியம். இன்று அதே வேலையைப் போனின் பியூட்டி மோடு யாரையும் கேளாமல் செய்கிறது.

அட்டைப் படம் இன்னும் மோசம். நேர் எதிரே விழும் வெளிச்சம் மூக்கின் நிழலையும் கண்குழியையும் தின்றுவிடும். அதிகாரி பார்க்கச் சொன்ன இடத்தைப் பார்க்கும் முகம் அது.

அப்படியானால் பேரன் எடுத்த படமா? அதுவும் தனியாகப் போதாது. ஏலக்காட்டு மரநிழலில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் கசிவதால் முகம் தட்டையாகிவிடும். கைநீளத்தில் எடுத்ததென்றால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். ஆனால் அவள் எப்படிச் சிரித்தாள் என்பது அதில் மட்டுமே இருக்கும். ஐந்தாறு அடி தள்ளி, வாசல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழ எடுத்த படம் ஒன்று உறவினர் கல்யாண ஆல்பத்திலாவது கிடைக்கும். எலும்பின் அமைப்பையும் நிழலையும் அதிலிருந்து எடுக்கவேண்டும். மற்றவற்றை வைத்துச் சரிபார்க்கவேண்டும். இரண்டு படத்தின் வெளிச்சத்தை ஒரே முகத்தில் கலந்தால் முகமூடிதான் மிஞ்சும்.

இதை இந்தப் பக்கங்களில் எழுதக் காரணம் உண்டு. பாரதியின் புகைப்படங்களென்று கிடைத்திருப்பவை ஐந்து. புதுச்சேரியில் செல்லம்மாவோடு இருப்பதும், காரைக்குடியில் கையில் தடியோடு இருப்பதும் அவற்றில் உண்டு. காலண்டர்க்காரனுக்கோ முண்டாசும் முறுக்குமீசையும் வழவழத்த கன்னமும் போதும். இலக்கியப் பத்திரிகைகளும் பெரும்பாலும் அந்தக் கன்னத்தையே அட்டையில் ஒட்டின. மாறாக, 1938இல் பிறந்த ஆதிமூலத்துக்கு 1948க்குப் பிறகு காந்தியைப் பார்க்கப் புகைப்படங்களை விட்டால் வழியில்லை. ஆயினும் 1969இல் நூற்றாண்டையொட்டி அவர் போட்ட கோடுகளில் பல வயதுக் காந்திகள் இருக்கிறார்கள். லட்சணமான ஒரே காந்தியோடு அவர் திருப்தியடைந்துவிடவில்லை.

கேட்டதை வரைந்து கொடுப்பதுதானே தொழில் என்பார்கள். ஸ்டூடியோப் படம் அப்படியே வேண்டுமென்றால் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம், செலவும் குறைவு. நம்மிடம் வருகிறவரிடம், வேறு படம் இருக்கிறதா, இவரை யார் அதிகம் பார்த்திருக்கிறார்கள், அவரைக் கூட்டிவர முடியுமா என்று கேட்க வாய் வராதவன் பென்சிலை எதற்குச் சீவுகிறான்?