பட்டு நூலுக்கு யார் எஜமான்?

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பெங்களூர் சாலையில் போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அங்கே இறங்கினால் திருப்புட்குழி கூப்பிடு தூரம்தான். ஜடாயுவுக்கு ஸ்ரீராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது ஸ்தல புராணம். மரகதவல்லித் தாயார் சன்னிதியில் வறுத்த பயறும் முளைக்கும் என்று நம்பி, மடியில் பயறு கட்டிக்கொள்ளும் பெண்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

சென்ற மாதம் நான் போனது பயறுக்காக அல்ல, புடவைக்காக. தறி வைத்திருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விலை கேட்டேன். கேட்டதும் என் முகம் போன போக்கைப் பார்த்து, அந்த வீட்டு அம்மாளே சமாதானம் சொன்னாள்:

"நாங்க ஏத்தலைம்மா. நூல் ஏறிப் போச்சு. எங்க கூலி மட்டும் அப்படியே நிக்குது. யாரைப் போய்க் கேக்கறது? பஞ்சாயத்திலே கேட்டா மெட்ராஸ்ங்கறாங்க. மெட்ராஸிலே கேட்டா டில்லிங்கறாங்க. டில்லியிலே நமக்குன்னு யாரும்மா இருக்காங்க?"

இந்தக் கேள்வியை அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! இதே கேள்வியைக் கேட்டுத்தான் அமெரிக்க தேசம் ஒரு காலத்தில் உடைகிற நிலைக்கு வந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் வீட்டுச் சமாசாரம்.

ஒரே தேசத்தில் இரண்டு சர்க்கார்கள், மாகாணத்துக்கு ஒன்றும் தேசத்துக்கு ஒன்றுமாக, அவரவர் அதிகாரத்தை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டு நடத்துவதற்குக் கூட்டாட்சி என்று பெயர். கூட்டுக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அமெரிக்காவில் நடந்தது என்னவென்றால், பதின்மூன்று மருமகள்கள் தத்தம் சொந்தச் சொத்தோடு வந்து சேர்ந்து, "இந்த இந்தச் சாவிகளை மட்டும் மாமியாரிடம் கொடுக்கிறோம், மிச்சம் எங்கள் இடுப்பில்தான் இருக்கும்" என்று 1787-ல் எழுதி வைத்துக்கொண்டார்கள். நம் தேசத்தில் சாவிக்கொத்து முதலிலேயே மாமியார் கையில் இருந்தது. 1950-ல் அவர் பார்த்து, "அடுக்களைச் சாவி உனக்கு, நெற்குதிர்ச் சாவி உனக்கு; இரும்புப் பெட்டிச் சாவி மட்டும் என்னிடமே இருக்கட்டும்" என்று பிரித்துக் கொடுத்தார்.

பட்டு விஷயத்தில் அந்தச் சாவிகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று பாருங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் மாகாண சர்க்காரின் பார்வையில் நடப்பது. ஆனால் சீனாவிலிருந்து வரும் கச்சாப் பட்டுக்குச் சுங்க வரி எவ்வளவு என்பதை டில்லிதான் தீர்மானிக்க வேண்டும். 2011-ல் அந்த வரியை 30 சதவிகிதத்திலிருந்து 5-ஆகக் குறைத்தார்கள். 2013-ல் 15 ஆக்கினார்கள். நடுவில் 10-க்கு இறங்கி, 2021 பட்ஜெட்டில் மறுபடி 15-க்கு ஏறியது. ஊஞ்சல் தோற்றது, போங்கள்!

டில்லிக்காரர்களுக்கு நம் மேல் ஏதாவது கோபமா? அப்படி இல்லை. நம் தேசத்தில் அதிகமாகப் பட்டு விளைவது கர்நாடகத்தில். ராமநகரம் சந்தைக்குக் கூடை கூடையாகப் பட்டுக்கூடு கொண்டு வரும் விவசாயி, "சீனப் பட்டு மலிவாக வந்தால் என் கூட்டை யார் வாங்குவார்கள்? வரியை ஏற்று" என்கிறான். காஞ்சி நெசவாளியோ, "நூல் மலிந்தால்தானே தறி ஓடும்? வரியை இறக்கு" என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இவ்வளவு ஏன், நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்பெரித் தோட்டக்காரர்களே இந்த விஷயத்தில் கர்நாடகக் கட்சிதான்!

அமெரிக்காவிலும் சண்டை துணியால்தான் வந்தது. வடக்கே இருந்த மில்காரர்கள், இங்கிலாந்துச் சரக்குக்கு வரி போடச் சொன்னார்கள். தெற்கே பருத்தி விளைவித்தவர்களுக்கோ வெளிநாட்டுச் சாமான் மலிவாக வேண்டும். 1828-ல் காங்கிரஸ் பெரிய வரி ஒன்று போட்டது. (காங்கிரஸ் என்றால் அங்கே கட்சி அல்ல, அவர்களுடைய பார்லிமென்ட்.) 1832-ல் தென் கரோலினா மாகாணம், "இந்த வரிச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது" என்று தீர்மானமே போட்டுவிட்டது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன் பட்டாளத்தை அனுப்புவதாக மிரட்டினார். உப ஜனாதிபதியாக இருந்த கால்ஹூன் என்ன செய்தார் தெரியுமா? அவர் தென் கரோலினாக்காரர். பெரிய பதவியை ராஜினாமாச் செய்துவிட்டு, தம் மாகாணத்துக்காக வாதாட வெறும் செனட்டராகப் போய் உட்கார்ந்தார். 1833-ல் வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரசச் சட்டம் வந்து அந்தச் சண்டை ஓய்ந்தது.

(கால்ஹூன் அடிமை வியாபாரத் தேசத்தின் பெரிய வக்கீல், அவரைக் கொண்டாட நான் வரவில்லை. அந்த நாற்காலியின் மதிப்பைத்தான் சொல்ல வந்தேன்.)

செனட் என்ற அந்தச் சபையில் மாகாணம் ஒன்றுக்கு இரண்டே பேர். சுமார் நாலு கோடி ஜனங்கள் உள்ள கலிபோர்னியாவுக்கும் இரண்டு. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு. இது நியாயமா என்று அங்கேயே சண்டை உண்டு. ஆனாலும் சின்ன மருமகளுக்கும் கூடத்தில் சமமாக உட்கார இடம் உண்டு. வரி மசோதா கீழ்ச்சபையில்தான் பிறக்க வேண்டும் என்றாலும், செனட் அதைத் திருத்தலாம். வேண்டாம் என்று தள்ளவும் செய்யலாம்.

நம் ராஜ்யசபையில் ஜனத்தொகைப்படி இடம். உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ் நாட்டுக்கு 18, கர்நாடகத்துக்கு 12, கோவாவுக்கு ஒன்றே ஒன்று. அதுகூடப் பரவாயில்லை. சுங்க வரி மாறுகிற பட்ஜெட் மசோதா பண மசோதாவாக வருகிறது. பண மசோதாவை ராஜ்யசபை திருத்த முடியாது. பதினான்கு நாளுக்குள் யோசனை சொல்லித் திருப்பி அனுப்பலாம். லோக்சபை அந்த யோசனையைக் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. பட்டு நூல் விலையைப் பற்றி மாகாணங்களின் சபைக்குப் பேச வாய் உண்டு. பிடிக்கக் கை இல்லை.

ஆனாலும் அந்த வாயையே ஒருவர் எப்படி உபயோகப்படுத்தினார் என்பதைக் காஞ்சிபுரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அண்ணாதுரை 1909-ல் காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1953-ல் கைத்தறித் துணி தேங்கிக் கிடந்தபோது, அதைச் சுமந்து தெருவில் விற்றவர். 1962 தேர்தலில் அவருடைய தி.மு.க.வுக்குச் சட்டசபையில் 50 இடம் கிடைத்தது. ஆனால் அவரோ சொந்த ஊரான காஞ்சியிலேயே தோற்றுப் போனார்! அந்த ஐம்பது பேரின் வோட்டுத்தான் அவரை ராஜ்யசபைக்கு அனுப்பியது. (அமெரிக்காவிலும் 1913 வரை செனட்டர்களை மாகாணச் சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. பிறகுதான் அந்த உரிமை ஜனங்கள் கைக்கு வந்தது.)

1962 மே மாதம் முதல் தேதி டில்லியில் எழுந்து, தனித் திராவிட நாடு வேண்டும் என்று பேசினார். அந்த வருஷமே சீனப் படையெடுப்பு வந்தது. கோரிக்கையை ஒத்தி வைத்தார். 1963-ல் பிரிவினை கேட்பவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி பதினாறாவது திருத்தம் வந்தது. கட்சியும் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. அதே வருஷம், சென்னை ராஜ்யத்துக்குத் "தமிழ்நாடு" என்று பெயர் வைக்க வேண்டும் என்ற மசோதா ராஜ்யசபைக்கு வந்தது. கொண்டு வந்தவர் வங்காளத்துக் கம்யூனிஸ்ட் அங்கத்தினர் பூபேஷ் குப்தா. அண்ணாதுரை ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றது. பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட டில்லியின் உத்தரவு வேண்டியிருக்கிறதே என்று பலருக்கு ஆதங்கம். 1967-ல் அவரே முதல் மந்திரியானார். 1968-ல் அமெரிக்காவின் ஏல் சர்வகலாசாலைக்கு விருந்தாளியாகவும் போய் வந்தார். பார்லிமென்ட் சட்டம் செய்து, 1969 பொங்கல் திருநாளில் "தமிழ்நாடு" என்ற பெயர் அமலுக்கு வந்தது. மூன்று வாரத்துக்குள், பிப்ரவரி 3-ஆம் தேதி, அவர் காலமாகிவிட்டார்.

பிரிந்து போகிறேன் என்று கிளம்பியவர், உள்ளே இருந்தே கேட்டு வாங்கினார். சபைக்கு வலுவில்லாவிட்டாலும் கட்சிக்கு வலு இருந்தது. ஒரு மாகாணத்துக்கு மட்டும் சொந்தமான கட்சி, அந்த மாகாணத்தையே ஆள்வது, டில்லியில் கூட்டணி சேர்ந்து மந்திரிகளைக் கொடுப்பது எல்லாம் நமக்குப் பழகிப் போன சங்கதி. அமெரிக்காவில் கிடையாது. அங்கே டெமாக்ரடிக், ரிபப்ளிகன் என்று இரண்டே பெரிய கட்சிகள்; ஐம்பது மாகாணங்களிலும் அவைதான்.

அப்படியானால் அலாஸ்காவின் குறையை அலாஸ்காக்காரர் எப்படிச் சொல்வார் என்று கேட்பீர்கள். கட்சியை மீறிச் சொல்லலாம் என்பதுதான் பதில். லிஸா முர்காவ்ஸ்கி என்ற அம்மாள் அலாஸ்காவின் ரிபப்ளிகன் செனட்டர். அப்போது அங்கே கட்சி வேட்பாளர் யார் என்பதை முதல் கட்டத் தேர்தலில் ஜனங்களே தீர்மானித்தார்கள். 2010-ல் அந்த அம்மாள் அதில் தோற்றார். வோட்டுச் சீட்டில் பெயர் அச்சாகவில்லை. "பெயர் இல்லாவிட்டால் என்ன? நீங்களே கையால் எழுதிப் போடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது லேசா? ஆனாலும் எழுதினார்கள், ஜெயித்தார். பிழையாக எழுதிய சீட்டு செல்லுமா என்று கோர்ட்டு வரை போனார்கள். 2017-ல் தம் கட்சி கொண்டு வந்த வைத்தியச் செலவு மசோதாவுக்கு எதிராக வோட்டுப் போட்ட மூன்று ரிபப்ளிகன்களில் அவரும் ஒருவர். மசோதா 49-க்கு 51 என்று விழுந்தது. அவருடைய நாற்காலி ஆடவில்லை.

இங்கே அப்படிச் செய்து பார்க்கட்டும்! 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் உத்தரவை மீறி வோட்டுப் போட்டால் பதவியே போய்விடலாம். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி என்று தாவினவர்களைத் தடுக்கப் போட்ட வேலி அது. தாவும் ஆட்டை நிறுத்தியது வாஸ்தவம். கூடவே பேசும் வாயையும் கட்டிவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல், 2003-ல் இன்னொரு மாறுதல்: ராஜ்யசபைக்கு ஒரு மாகாணத்தின் சார்பில் போக, அந்த மாகாணத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவிலோ செனட்டர் அந்தந்த மாகாணவாசியாகத்தான் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். சுங்க வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு என்று அவர்கள் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் 2025-ல் ஜனாதிபதி டிரம்ப், அவசர அதிகாரம் என்று சொல்லித் தம் கையெழுத்திலேயே வரி போட்டார். ஆகஸ்டு மாதம் இந்தியச் சரக்கு பலவற்றின் மேல் அது 50 சதவிகிதத்துக்கு ஏறியது. போடுவதற்கு முன் செனட்டில் வோட்டு எடுக்கவில்லை. வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

நிற்க. நம் தேசத்திலும் மாகாணங்களின் கைக்கு வோட்டு வந்த இடம் ஒன்று உண்டு. அடுத்த தடவை புடவை வாங்கினால் ரசீதைத் தூக்கிப் போடாமல் பாருங்கள். உள்ளூரில் வாங்கின பட்டுப் புடவைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், இரண்டரை டில்லிக்கு, இரண்டரை தமிழ் நாட்டுக்கு. 2017-ல் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பே, அந்த விகிதத்தைப் பற்றி யோசனை சொல்ல ஒரு கவுன்சில் வைத்தார்கள். அதில் மத்திய சர்க்காருக்கு மூன்றில் ஒரு பங்கு வோட்டு. மாகாணங்கள் எல்லாவற்றுக்குமாக மூன்றில் இரண்டு பங்கு. சிக்கிமுக்கும் தமிழ் நாட்டுக்கும் சம எடை, செனட்டைப் போலவே. முடிவெடுக்க நாலில் மூன்று பங்கு வேண்டும். அதாவது மாகாணங்கள் இல்லாமல் டில்லியாலும் முடியாது, டில்லி இல்லாமல் மாகாணங்களாலும் முடியாது.

2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜவுளிக்கு 5 சதவிகித வரி 12 ஆவதாக இருந்தது. உத்தரவும் வெளியாகிவிட்டது. தமிழ் நாடு உள்படப் பல மாகாணங்கள் எதிர்த்தன. எதிர்த்தவற்றில் டில்லியை ஆளும் கட்சியே ஆண்ட குஜராத்தும் உண்டு; சூரத்தில் தறி ஓட வேண்டாமா? டிசம்பர் 31-ஆம் தேதி கவுன்சில் கூடி, அமலுக்கு வர ஒரு நாள் இருக்கும்போது அதை நிறுத்தி வைத்தது.

கச்சாப் பட்டின் சுங்க வரி அந்தக் கவுன்சிலின் கணக்கில் சேராது.