நெல் வணிகரின் மௌனம்

ஒவ்வோர் ஆண்டும் தை, மாசி மாதங்களில் பெரும்போக அறுவடை நடக்கும் வேளையில் அம்பாறைக் கரையோர ஊர்கள் எங்கும் ஒரே முறைப்பாட்டைக் கேட்கலாம். நெல்லுக்கு விலை இல்லை என்பதே அது. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எந்த வயல் வட்டைக்குப் போனாலும் விவசாயி இதையே சொல்வார். சில மாதங்கள் கழித்துக் கல்முனைச் சந்தைக்குப் போனால் வேறொரு முறைப்பாடு காத்திருக்கும். அரிசி விலை தாங்க முடியவில்லை என்பார் அங்கு வரும் குடும்பத் தலைவி. இருவர் சொல்வதும் உண்மைதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகளுக்கு எழுதிவரும் நான் இவ்விரண்டு செய்திகளையும் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆண்டை மட்டும் மாற்றினால் பழைய செய்தியே புதிய செய்தியாகிவிடும்.

இந்த இரண்டு முறைப்பாடுகளுக்கும் நடுவில் இருப்பது களஞ்சியம். அங்கே நெல்லோடு சேர்த்துத் தகவலும் பூட்டி வைக்கப்படுகிறது. எவ்வளவு நெல் கையிருப்பில் உள்ளது, வெளியூர்ச் சந்தையில் இன்றைய விலை என்ன, அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பன சிலருக்கு மட்டுமே தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இலாபம் பார்ப்பது நியாயமான வியாபாரமா? இக்கேள்வியைக் கிரேக்க ஞானிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, அதுவும் ஒரு தானிய வணிகரை முன்னிறுத்தி, விவாதித்திருக்கிறார்கள். அந்த விவாதம் நமது ஊர்களுக்காகவே நடந்ததுபோல் எனக்குத் தோன்றுவதுண்டு.

கி.மு. 44ஆம் ஆண்டில் உரோம அறிஞர் சிசரோ, ஏதென்ஸ் நகரில் கல்வி கற்றுக்கொண்டிருந்த தமது மகனுக்காகக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் இவ்விவாதத்தைப் பதிவு செய்திருக்கிறார். றோட்ஸ் தீவில் பஞ்சம். தானியம் நெருப்பு விலை விற்கிறது. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். தானியம் ஏற்றிய வேறு பல கப்பல்களும் றோட்ஸை நோக்கி வருவதை அவர் வழியில் கண்டிருக்கிறார். இதைத் தீவு மக்களிடம் சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்லாவிட்டால் கேட்ட விலை கிடைக்கும். அந்த வணிகர் நல்லவர், மக்களை ஏமாற்ற விரும்பாதவர் என்றும் வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்ய வேண்டும்?

ஸ்தோயிக் மரபைச் சேர்ந்த இரண்டு ஞானிகள் இதற்கு இரண்டு விடைகள் சொன்னார்கள். ஒருவர் பாபிலோனியரான டயோஜெனிஸ். (தாழிக்குள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் டயோஜெனிஸ் வேறொருவர்.) மற்றவர் அவருடைய மாணவரான தார்சு நகரத்து அந்திபேட்டர். சட்டம் சொல்லச் சொன்ன குறைகளைச் சொன்னால் போதும் என்பது டயோஜெனிஸின் கட்சி. நான் பொருளைக் கொண்டுவந்தேன், விலை சொன்னேன், பிறரைவிடக் கூட்டி விற்கவில்லை; இதில் யாருக்கு அநீதி இழைத்தேன் என்று அவருடைய வணிகர் கேட்பார். சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்பதே அவரது வாதத்தின் அச்சாணி. கடவுளின் இயல்பை அறிவது கோதுமையின் விலையை அறிவதைவிடப் பயனுடையது. அதையும்தான் இப்போது நான் உமக்குச் சொல்லவில்லை, அதற்காக மறைத்தேன் என்பீரா என்றும் அவர் தரப்பில் கேட்கப்படுகிறது. கெட்டிக்காரத்தனமான கேள்விதான்.

அந்திபேட்டர் இதை ஏற்கவில்லை. மனித சமூகத்துக்குப் பயன்படவே பிறந்தோம், உமது நன்மையும் பொது நன்மையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்ட நீர், பசித்திருக்கும் மக்களுக்கு உணவு அருகில் வந்துவிட்டது என்பதையா மறைப்பீர் என்று அவர் கேட்டார். சிசரோவின் தீர்ப்பும் அந்திபேட்டரின் பக்கமே. எல்லா மௌனமும் மறைப்பு அன்று. ஆனால் ஒரு செய்தி யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்குத் தெரியாமல் இருப்பதை உமது இலாபத்துக்காக நீர் விரும்பினால் அது மறைப்பு என்பதே அவர் தந்த அளவுகோல்.

இந்த அளவுகோலை நமது வயல் வட்டைக்குக் கொண்டுவருவோம். றோட்ஸில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. இங்கே நெல் விற்கும் விவசாயிக்குத் தெரியாதது வாங்கும் வியாபாரிக்குத் தெரியும். இயந்திரம் அறுத்துக் கொட்டிய நெல்லில் ஈரம் இருக்கிறது. காயவைக்கக் களம் இல்லாததால் வீதியோரத்தில் பரப்ப வேண்டும். உரத்துக்கு வாங்கிய கடனும் அறுவடை இயந்திரத்தின் வாடகையும் கழுத்தை நெரிக்கின்றன. அந்த வேளையில் லொறியோடு வந்து நிற்கும் வியாபாரி சொல்வதுதான் விலை. மரந்தகஹமுல மொத்தச் சந்தையில் அன்று அரிசி என்ன விலைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியும். ஈரப்பதன் எவ்வளவு என்று பார்ப்பவரும் அவரே, அதற்காகக் கழிவு போடுபவரும் அவரே. நெல் சந்தைப்படுத்தல் சபை ஏற்கும் ஈரப்பதன் 14 சதவீதம். அந்த இலக்கத்தைத் தன் கண்ணால் கருவியில் பார்த்த விவசாயிகள் எத்தனை பேர்?

நமது கரையோரத்தில் இதைக் கிரேக்கர்கள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். வியாபாரக் கூட்டத்தினர் சந்தைக்கு வந்து விலையை அறிந்துகொள்ளும் முன்னரே அவர்களை வழியில் சந்தித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நிகழ்ச்சியும் நமது மத்ரஸாக்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படுவதே. வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பதைத் திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறது. கிரேக்கச் சிந்தனையும் நமக்கு அந்நியமானதன்று. அரிஸ்டோட்டிலின் ஒழுக்கவியல் நூல் பக்தாதில் அரபு மொழிக்கு வந்தது. மிஸ்கவைஹ் அதை வாங்கிப் பண்பாட்டு நூல் எழுதினார். அந்தலூசியாவில் இப்னு ருஷ்த் அதற்கு விளக்கவுரை எழுதினார். அரிஸ்டோட்டிலின் அரசியல் நூல் கைக்குக் கிடைக்காதபோது பிளேட்டோவின் குடியரசு நூலுக்கு விளக்கம் எழுதியவரும் அதே இப்னு ருஷ்த்தான். நல்ல கேள்வியை யார் கேட்டாலும் எடுத்துக்கொண்ட மரபு அது.

வணிகர்களை இப்படிக் குற்றம் சாட்டுவது எளிது, சட்டத்தால் திருத்தலாமே என்று கேட்போரும் உண்டு. ஏதென்ஸ் அதையும் செய்து பார்த்தது. அந்நகரம் வெளியிலிருந்து வரும் தானியத்தை நம்பியே வாழ்ந்தது. ஆகவே தானியக் காவலர் என்ற அதிகாரிகளை நியமித்திருந்தார்கள். தானியம் நியாய விலைக்கு விற்கப்படுகிறதா, மா அரைப்போர் வாற்கோதுமையின் விலைக்கு ஏற்ப மாவை விற்கிறார்களா, ரொட்டி சுடுவோர் கோதுமையின் விலைக்கு ஏற்ப ரொட்டியை விற்கிறார்களா என்று பார்ப்பது அவர்களின் வேலை. அரிஸ்டோட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசமைப்பு நூலில் இது பதிவாகியிருக்கிறது. கி.மு. 386 அளவில் லிசியாஸ் எழுதிக்கொடுத்த ஒரு வழக்குரை, ஒரு தடவையில் 50 கூடைக்கு மேல் தானியம் வாங்கிக் குவித்த வியாபாரிகளுக்கு மரண தண்டனை கேட்கிறது. கப்பல்கள் மூழ்கிவிட்டன, எதிரிகள் கைப்பற்றிவிட்டார்கள் என்று வதந்தி பரப்பி இவர்கள் விலையை ஏற்றுகிறார்கள் என்றும் அது குற்றம் சாட்டுகிறது. மரண தண்டனை இருந்தும் பதுக்கல் இருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நமது நாட்டிலும் கதை அதுதான். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பதுக்கலையும், இருக்கும் பொருளை விற்க மறுப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. 2021 ஓகஸ்ட் இறுதியில் அத்தியாவசிய உணவுப் பொருட்களுக்காக அவசரகால விதிகளே கொண்டுவரப்பட்டன. செப்டம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு உச்சபட்ச சில்லறை விலை விதிக்கப்பட்டு, அம்மாதம் முடிவதற்குள் நீக்கப்பட்டது. அந்நாட்களில் ஒரு கடையில் அரிசி இல்லை என்று கையை விரித்தவர், நான் வெளியே நின்றுகொண்டிருக்கும்போதே தமக்கு வேண்டியவர் ஒருவருக்குப் பின்பக்கத்தால் ஒரு மூடை கொடுத்தனுப்பியதைக் கண்டேன். 2024 டிசம்பரில் மீண்டும் தட்டுப்பாடு, இறக்குமதிக்கு அனுமதி, நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபா என்று உச்ச விலை. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டபோது கிழக்கில் அறுவடை ஏற்கனவே தொடங்கிவிட்டது.

இந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரிசி கிடைக்கும். அதாவது ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ நெல். அதன் விலை 180 ரூபா. மிகுதி 50 ரூபாவுக்குள் குற்றுகூலி, ஏற்றுகூலி, வட்டி, கடைக்காரரின் இலாபம் யாவும் அடங்க வேண்டும். தவிடு விற்ற காசு அதற்கு மேல். இது கொள்ளை இலாபம் அன்று, உண்மையில் 120 ரூபாவுக்கு வாங்கியிருந்தால். விவசாயியிடம் குறைத்து வாங்கி, ஈரக்கழிவும் போட்டு, தட்டுப்பாட்டு நாளில் கூட்டி விற்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஏதென்ஸ் அதிகாரிகள் தானியத்தின் விலையையும் மாவின் விலையையும் சேர்த்துப் பார்த்ததன் காரணம் இதுவே.

வணிகரின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அரிஸ்டோட்டில் தமது அரசியல் நூலில் தேலிஸ் என்ற ஞானியின் கதையைச் சொல்கிறார். ஒலிவ் விளைச்சல் அமோகமாக இருக்கும் என்று வானநூல் அறிவால் கணித்த தேலிஸ், மாரி காலத்திலேயே மிலேட்டஸ், கியோஸ் நகரங்களின் எண்ணெய்ச் செக்குகள் யாவற்றுக்கும் சிறு முற்பணம் கொடுத்துக் குத்தகைக்கு எடுத்தார். அறுவடை வந்தபோது தாம் விரும்பிய வாடகைக்கு விட்டுப் பெரும் பணம் ஈட்டினார். ஞானிகள் நினைத்தால் செல்வந்தராகலாம், ஆனால் அவர்களின் நாட்டம் அதுவன்று என்று காட்டவே இதைச் செய்தாராம். இதில் இரண்டு விடயங்கள் கலந்திருக்கின்றன. எதிர்காலத்தைக் கணித்து, தன் பணத்தைப் பணயம் வைத்தது திறமை. கணிப்புப் பிழைத்திருந்தால் நட்டம் அவருக்கே. அதற்கு வரும் இலாபத்தை நான் குறை சொல்லமாட்டேன். வேறு எவருக்கும் வழியில்லாமல் எல்லாச் செக்குகளையும் தன் கையில் வைத்துக்கொண்டதோ இன்னொரு விடயம். அங்கே பேரம் பேசுதல் முடிந்துபோகிறது.

ஆகவே மூன்றைப் பிரித்தறிய வேண்டும் என்பது என் கருத்து. நாளை என்ன விலை என்று ஊகித்து வாங்கி வைப்பது வணிகம். இன்றைய விலையும் ஈரப்பதனும் தனக்குத் தெரிந்திருக்க, அவற்றை அறிய வழியற்றவரிடம் மௌனமாக இருந்து வாங்குவது மறைப்பு. களஞ்சியத்தில் வைத்துக்கொண்டு இல்லை என்பது பொய். நமது ஊர்களில் மூன்றுக்கும் கெட்டித்தனம் என்ற ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறோம். டயோஜெனிஸின் வாதம் முதலாவதுக்குப் பொருந்தலாம். மற்ற இரண்டுக்கும் அதைத் துணைக்கு அழைக்க முடியாது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களும் அல்ல. தராசும் ஈரப்பதன் கருவியும் விவசாயியின் கண்முன் இருக்கட்டும். நிறையும் ஈரமும் கழிவும் எழுதிய துண்டு அவர் கைக்குப் போகட்டும். அறுவடைக் காலத்தில் அன்றைய மொத்த விலையை ஆலை வாசலிலும் விவசாய அமைப்புகளின் பலகையிலும், முடிந்தால் பள்ளிவாசல், கோயில் முன்றிலிலும் எழுதி வைக்கலாம். தட்டுப்பாடு வரும்போது ஆலைக்காரர்கள் தம் கையிருப்பைத் தாமாகவே வெளியிடலாம். கரையோரத்து வர்த்தகர் சங்கங்கள் நினைத்தால் அடுத்த பெரும்போகத்துக்கே இவற்றைத் தொடங்கலாம். காரைதீவிலும் திருக்கோவிலிலும் உள்ள தமிழ் விவசாயியும், சம்மாந்துறை முஸ்லிம் விவசாயியும், அம்பாறையின் சிங்கள விவசாயியும் ஒரே லொறிக்குத்தான் நெல் ஏற்றுகிறார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் கெட்டுப்போகும் நம்பிக்கை விலையோடு நின்றுவிடுவதில்லை.

தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. வாக்கு நாணயம் உள்ளவர் என்று பெயரெடுத்த வியாபாரியிடம் விலை கேட்காமலே நெல்லை ஏற்றிவிட்ட தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அவர் விலையை மறைக்கமாட்டார் என்று விவசாயிக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சம்பாதிக்கும் வாய்ப்பு இன்றைய வணிகருக்கும் ஒவ்வொரு மூடையிலும் இருக்கிறது. றோட்ஸில் இறங்கிய வணிகர் முடிவில் வாய் திறந்தாரா என்று சிசரோ எழுதவில்லை. நமது வியாபாரிகள் திறக்கிறார்களா என்பதை அடுத்த தை மாதம் வயலோரத்தில் நின்று பார்க்கத்தான் போகிறேன்.