பூதமும் இல்லை, வேற்றுக்கிரகவாசியும் இல்லை!



"கிரேன் இல்லாத காலத்துல அவ்வளவு பெரிய கல்லை மனுஷன் தூக்கியிருக்க முடியுமா டீச்சர்? வேற்றுக்கிரகத்துல இருந்து வந்தவங்கதான் தூக்கி வச்சாங்களாம். செல்போன்ல வீடியோ பார்த்தேன்" என்றான் எங்கள் தெருப் பையன் ஒருவன். பக்கத்தில் இருந்த அவன் பாட்டி, "அதெல்லாம் இல்லடா, பூதம் தூக்கி வச்சது" என்றார். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. கல்லைத் தூக்கிய மனிதனை இருவருமே மறந்துவிட்டார்கள்.

நானும் ஒரு காலத்தில் மறந்தவள்தான். 1980களில் பல்லாவரம் பக்கத்தில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பம்மல், திரிசூலம் பகுதிகளில் கல்குவாரிகள் உண்டு. பாடம் நடக்கும்போதே 'டமார்' என்று வெடிச் சத்தம் கேட்கும். ஒருநாள், பழங்காலக் கல்திட்டைகளைப் பற்றிச் சொல்லும்போது, "பீமன் தூக்கி வைத்ததாம்" என்று கதை சொன்னேன். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். "இல்ல டீச்சர். எங்க அப்பா அதைவிடப் பெரிய கல்லை நாலு ஆளை வச்சே நகர்த்துவாரு" என்றான். "கல்லுடைக்கிறவன் புள்ளை!" என்று வகுப்பே சிரித்தது. நான் அதை அதட்டவில்லை. "உட்காரு" என்று அவனைத்தான் அதட்டினேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவனைக் கரும்பலகைக்கு அழைத்து, "அப்பா எப்படி நகர்த்துவார்? வரைந்து காட்டு" என்றேன். அவன் சொன்னதுதான் நான் படித்த முதல் பாடம். பாறை எந்தப் பக்கம் பிளக்கும் என்று தட்டிப் பார்க்க வேண்டும். உளியால் ஒரே கோட்டில் சின்னச் சின்னக் குழிகள் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் ஆப்பு. ஒரே ஆப்பை ஓங்கி அடிக்கக் கூடாது. வரிசையாக, மெதுவாக, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். சத்தம் மாறும்போது கல் பிளக்கப் போகிறது என்று அர்த்தம். பிறகு கடப்பாரையால் நெம்பி, அடியில் உருட்டுக் கட்டைகளைக் கொடுத்துத் தள்ள வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள மண், படித்தவர்களை அடிக்கடி வியக்க வைத்த மண். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர், பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். 1880களில் அலெக்சாண்டர் ரீ, அதே பல்லாவரத்தில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். பல்லாவரம், கிளாம்பாக்கம், திருப்போரூர் பக்கம் சிறுதாவூர், மதுராந்தகம் பக்கம் சானூர் என்று பல இடங்களில் இரும்புக் கால மக்கள் இறந்தவர்களுக்காகக் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் அமைத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையவை அவை.

அந்தக் கல் எவ்வளவு கனம்? நோட்டை எடுங்கள். 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் தடிமன் உள்ள பலகைக் கல் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 0.9 கன மீட்டர். நம் ஊர்ப் பாறை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 கிலோ. ஆக, 2,430 கிலோ! சிமென்ட் மூட்டைக் கணக்கில் 48 மூட்டைக்கும் மேல். தலையில் தூக்க முடியாதுதான். ஆனால் யார் தூக்கச் சொன்னார்கள்? ஒரு ஓரத்தை மட்டும் கிளப்பினால் பாதி எடைதான், அதாவது சுமார் 1,200 கிலோ. ஐந்தடி நீளமுள்ள உறுதியான கழியை, நுனியில் இருந்து அரை அடியில் முட்டுக்கல் கொடுத்து அழுத்தினால் உங்கள் பலம் ஒன்பது மடங்காகும். ஒருவர் 30 கிலோ அளவுக்கு அழுத்தினால் 270 கிலோ கிளம்பும். அப்படியானால் ஐந்து பேர் போதும்! அடியில் கட்டைகளைச் செருகிவிட்டால் அப்புறம் இழுப்பதுதான் வேலை. மூடுகல்லை மேலே ஏற்ற, நட்ட கற்களின் உயரத்துக்கு மண்ணைக் குவித்துச் சரிவாக்கி இழுத்திருப்பார்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நம் ஊர்க் கல்லைப் பற்றி இன்னொரு வேடிக்கை. கொல்கத்தாவில் 1690களில் இறந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு, பரங்கிமலை-பல்லாவரம் பக்கத்துக் கல்தான் போனது. 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற அறிஞர் அந்தக் கல்லுக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். கல்லுக்குப் பெயர் வந்தது, வெட்டியவருக்கு வரவில்லை! அப்போதும் கிரேன் கிடையாது. அது கொல்கத்தா போய்ச் சேரத்தானே செய்தது?

மற்ற நாடுகளிலும் இப்படித்தான். எகிப்தில் ஜெகுதிஹோதெப் என்பவரின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது. மாபெரும் சிலை ஒன்று சறுக்குக் கட்டையின்மேல் இருக்கிறது. வரிசை வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். சிலையின் முன்னால் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ஏதோ சடங்கு என்றுதான் பலர் நினைத்தார்கள். 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் சோதித்துப் பார்த்தபோது, மணல் சரியான அளவு ஈரமாக இருந்தால் இழுக்கும் பலம் பாதி போதும் என்று தெரிந்தது. ஒரு குடம் தண்ணீரில் பாதி வேலை மிச்சம்! நாகாலாந்தில் அங்காமி மக்கள் ஊரே கூடிக் கயிற்றைப் பிடித்து, பாட்டுப் பாடிக்கொண்டு பெரிய கல்லை இழுக்கும் விழாவை நம் காலத்திலும் நடத்தியிருக்கிறார்கள்.

"தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் ஒரே கல்லாமே?" என்று கேட்பீர்கள். அது பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் அங்கே உள்ள கல்வெட்டுதான். கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் என்ற இராசராசப் பெருந்தச்சனின் பெயரை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பூதத்தின் பெயர் எங்கும் இல்லை.

பல்லாவரத்தில் தொல்லியல் சட்டத்தால் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் மக்கள் பட்ட சிரமம் எனக்குத் தெரியும். 2010-ல் திருத்திய சட்டம், பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது என்றது. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் கல்வட்டம் என்று தெரியாமலே மண்ணள்ளும் இயந்திரத்தால் புரட்டிப் போட்டுவிட்டு, "நம் முன்னோர் கெட்டிக்காரர்கள்" என்று மேடையில் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதற்குச் சாட்சியே அந்தக் கல்தானே! இடம் எது, எல்லை எது என்று ஊராருக்குப் புரியும்படி நல்ல தமிழில் ஒரு பலகையாவது ஒவ்வொரு இடத்திலும் வைக்கலாமே.

அடுத்த முறை பள்ளிச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனால், ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். ஐந்து ரதங்களைப் பார்த்த பிறகு, பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான சுற்றுலா பஸ்கள் அங்கே நிற்பதில்லை. அவை பாதியில் நின்றுபோன வேலைகள். மேலே கோபுரம் முடிந்திருக்கும். கீழே வெறும் பாறை. உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கினால் சாரம் கட்டத் தேவையில்லை அல்லவா? பாறையில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டி, நடுவில் உள்ள சதுரங்களைத் தட்டித் தட்டி உடைத்திருப்பது அப்படியே தெரியும். உங்கள் கணக்கு நோட்டுக் கட்டம் மாதிரியே இருக்கும். எண்ணிப் பாருங்கள்.