எதிரொலியின் விலை

மலைக்கோட்டை உச்சியில் மாணாக்கருடன் நின்று ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "கயிறு விடாமலே தரை எவ்வளவு ஆழம் என்று அறியலாமா, ஸார்?" என்றான் ஒரு சிறுவன்.

அறியலாம். ராடார் அலையை அனுப்பி, அது திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் போதும். ஆனால் உயரம் இரு மடங்கானால், மீளும் அலை கால் பங்காகும். ஈடுசெய்ய மின்சாரம் மிகுதியாக வேண்டும். 2023-ல் சந்திரனில் இறங்கிய விக்ரம் சுமார் 1,750 கிலோ. ராடாரையும் லேஸரையும் எளிதில் சுமந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் திருச்சியில் பயின்றவரே.

2021-ல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டியோ 1.8 கிலோதான். பாட்டரியின் பெரும்பகுதி இரவுக் குளிரைத் தாங்கவே செலவாயிற்று. எனவே உயரம் காணச் சிறு லேஸரே கிட்டியது. குளிருக்குக் கம்பளியா, பார்வைக்குக் கண்ணா என்னும் இவ்வழக்கைத் தீர்ப்பவர் அச்சிறுவனாகவே இருத்தல் கூடாதா?