தாய்க்கு ஒரு கட்டில்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

கங்காரு என்றதும் வயிற்றுப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் குட்டிதான் நம் நினைவுக்கு வருகிறது. செங்கங்காருவின் குட்டி பிறக்கும்போது ஒரு கிராம் எடைகூட இருப்பதில்லை. கண் திறவாத அச்சிற்றுயிர் தாயின் உரோமத்தைப் பற்றி ஏறிப் பைக்குள் புகுந்து, முலைக்காம்பைக் கவ்விக்கொண்டு மாதக்கணக்கில் அங்கேயே வளர்கிறது. இதைப் படித்து நாம் வியக்கிறோம். ஆனால் குறைமாதத்தில் பிறந்த மனிதக் குழந்தையையோ பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறோம். இது சரிதானா?

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. பிறந்தபோது 2,500 கிராமுக்குக் குறைவாக இருப்பது எடை குறைந்த குழந்தை. இக்குழந்தைகளுக்குத் தோலின் கீழ்க் கொழுப்பு குறைவு. ஆகவே உடல் விரைவில் குளிர்ந்துவிடும். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் சுமார் 34 வாரத்தில்தான் கைகூடுகிறது. அதுவரை மெல்லிய குழாய் வழியாக இரைப்பைக்குப் பால் செலுத்துகிறார்கள். பின்னர், நம் பாட்டிமார் சங்கு என்றும் பாலாடை என்றும் சொல்லும் மூக்கு வைத்த சிறு கிண்ணம் உதவுகிறது.

எந்தப் பால் சிறந்தது? ஐயமின்றித் தாய்ப்பாலே. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரங்கள் புரதம் மிகுதியாக உள்ளது. முற்றாத குடலை அழித்துவிடும் கொடிய நோயிலிருந்தும் அது காக்கிறது. ஆனால் அந்தப் பால் தானாகச் சுரந்துகொண்டே இராது. குழந்தையால் உறிஞ்ச முடியாதபோது, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், தாய் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். எடுக்க எடுக்கத்தான் ஊறும். ஆகவே தாயை எங்கே வைப்பது என்பதும் குழந்தைக்கு என்ன ஊட்டுவது என்பதும் ஒரே கேள்விதான்.

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு 1,600 கிராம் எடையில் குழந்தை பிறந்தது. குழந்தை உள்ளே கண்ணாடிப் பெட்டியில். அக்கா வெளியே வராந்தாவில், பாயில். குறித்த நேரத்தில் மட்டுமே பார்க்க அனுமதி. உட்கார்ந்து பால் எடுக்க மறைவான இடம்கூட இல்லை. பத்து நாளில் பால் வற்றியது. வீடு திரும்பியபோது, "இவளுக்குப் பாலே இல்லை" என்று உறவினர் பழித்தனர். பால் வற்றியதற்குக் காரணம் அவள் உடம்பா, அந்த வராந்தாவா?

இதற்கு விடை ஓர் ஏழை நாட்டிலிருந்து வந்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கர் ரே என்பவர், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். அதுவே 'கங்காரு முறை'. குழந்தை ஓரளவு தேறிய பிறகே இதைத் தொடங்குவது நெடுங்கால வழக்கமாக இருந்தது.

பிறந்தவுடனே தொடங்கினால் என்ன? இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் இதை ஆராய்ந்தது. நம் நாட்டில் புதுடில்லி சப்தர்ஜங் மருத்துவமனை இதில் பங்கு கொண்டது. 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். முடிவு 2021-இல் வெளியாயிற்று. முதல் 28 நாட்களில், பழைய முறையில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன. உடனே தாயோடு சேர்த்த பிரிவில் 12. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டதுதான் அங்கு நடந்த பெரிய மாற்றம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதையே பரிந்துரைத்தது.

"தாய் உள்ளே வந்தால் கிருமி வரும், இடம் போதாது" என்பார்கள். அதே ஆய்வில் தாயுடன் இருந்த குழந்தைகளிடம் கிருமித்தொற்று கூடவில்லை, குறைந்தே காணப்பட்டது. இடமோ, மனம் இருந்தால் உண்டாகும். இயந்திரங்கள் வேண்டாம் என்று நான் கூறவில்லை. மூச்சுத் திணறும் குழந்தைக்கு அவை உயிர் காப்பவை. இயந்திரத்துக்கு இடம் ஒதுக்குபவர்கள் தாய்க்கும் ஒதுக்கட்டும் என்கிறேன்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் புகட்டுவதை நிறுத்த வேண்டும். சீம்பாலை வீணாக்கலாகாது. அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு 'நோஞ்சான்' என்று பேர் வைக்கவும் கூடாது. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை ஆறாம் மாதத்தில் நான்கு மாதக் குழந்தை செய்வதைச் செய்தால் போதும். இரும்புச்சத்து மருந்தும் எடை பார்ப்பதும் மருத்துவர் சொற்படி தவறாமல் நடக்க வேண்டும். பெற்றவளுக்கு வேளைக்குச் சோறும் உறக்கமும் கிடைக்க வேண்டும். தந்தையும் குழந்தையை மார்பில் தாங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை பெற்றோராவோம். சிலர் அதிகாரிகளாகவும் ஆவோம். புதிய குழந்தைகள் பிரிவுக்கு வரைபடம் போடும் இடத்தில் நாம் இருந்தால், குழந்தையின் பெட்டிக்கு அருகிலேயே தாயின் கட்டிலையும் வரைவோம்.