ஒரு காது கேட்டால் போதும் என்று விட்டுவிடலாமா?

போனை எப்போதும் ஒரே காதில் மட்டும் வைக்கும் பிள்ளை, கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பித் தேடும் பிள்ளை... ஒரு காது மட்டும் கேட்காத குழந்தைகளைப் பல வீடுகளில் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். பேச்சு ஓரளவு சரியாகவே வந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 'வகுப்பில் கவனம் இல்லை' என்று டைரியில் டீச்சர் எழுதும் குறிப்புதான் சில நேரம் முதல் அறிகுறி. திட்டு வாங்கிய பிறகுதான் ஆடியோகிராம்!

விஷயம் தெரிந்ததும் வரும் முதல் ஆறுதல், 'இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு!' பல காலம் மருத்துவர்களில் பலரும் இதைத்தான் சொல்லிவந்தார்கள்.

ஆனால், கடவுள் ஸ்பேராக ஒன்று கொடுத்த விஷயமல்ல இது. வலப்பக்கம் அடிக்கும் ஹாரன், இடது காதுக்கு ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான தாமதத்தில் போய்ச்சேர்கிறது. நடுவில் தலை மறைப்பதால் சத்தமும் சற்றுக் குறைகிறது. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஒலி எங்கிருந்து வருகிறது என்று மூளை கணிக்கிறது. ஒற்றைக் காதில் ஹாரன் கேட்கும். பஸ் எந்தப் பக்கம் வருகிறது என்பது தெரியாது. கல்யாண மண்டப இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதைப் பிரித்துக் கேட்பதும் பெரும்பாடு.

இதற்கு ஏற்கெனவே சில கருவிகள் உண்டு. கேட்காத பக்கத்தில் மைக் வைத்து ஒலியை மறுபக்கம் அனுப்புவது ஒன்று. மண்டை எலும்பு வழியே அதிர்வாகக் கடத்துவது இன்னொன்று. இரண்டிலும் உழைப்பது என்னவோ நல்ல காது மட்டும்தான். காக்ளியர் இம்ப்ளான்ட் அப்படியல்ல. உள்காதின் நத்தைக்கூட்டுக்குள் எலெக்ட்ரோடு வைத்து, கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. அதாவது, செயலிழந்த காதையே திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறது.

ஒற்றைக் காதுக்கு இதைப் பொருத்தும் யோசனை வளர்ந்தது, காதிரைச்சல் சிகிச்சை வழியாக. கேட்காத காதில் ஓயாமல் இரைச்சல் கேட்டுத் தவித்தவர்களுக்கு பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் மருத்துவர்கள் பொருத்திப் பார்த்து, 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரைச்சல் குறைந்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ, ஒரு காது கேளாத 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2019-ல் முதன்முறையாக அனுமதி தந்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. பிறவியிலேயே ஒரு காது கேட்காத குழந்தைகளில் கணிசமானவர்களுக்குக் கேட்கும் நரம்பே மெலிந்தோ, இல்லாமலோ இருக்கும். நரம்பு இல்லையென்றால் எலெக்ட்ரோடு யாரைத் தூண்டும்? அதனால், முதலில் எம்.ஆர்.ஐ. காது கேட்காமல் போய் எத்தனை ஆண்டுகள் ஆனது என்பதும் முக்கியம். தள்ளிப்போடப் போட, பலன் குறையும். பொருத்திய பிறகும் பொறுமை வேண்டும். ஆரம்பத்தில் பலருக்கு அந்தக் காதில் குரல்கள் ரோபோ பேசுவதுபோல ஒலிக்கும். பக்கத்தில் நல்ல காது இருப்பதால், மூளை அதையே நம்பிச் சோம்பலாகிவிடும். புதுக்காதுக்கு மட்டும் ஒலியை அனுப்பி மாதக்கணக்கில் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு நேரமில்லாத குடும்பம் அவசரப்படாமல் இருப்பதே நல்லது.

செலவு லட்சங்களில். அரசின் இலவச காக்ளியர் இம்ப்ளான்ட் திட்டங்கள் இரண்டு காதும் கேட்காத சிறு குழந்தைகளை மனதில் வைத்து உருவானவை. ஒரு காதுக்குக் கிடைக்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ஒற்றைக் காதைப் பறிப்பதில் பொன்னுக்குவீங்கிக்கும் பங்குண்டு. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, வேப்பிலை அரைத்துப் பூசியதோடு நிற்காமல், வீக்கம் வடிந்ததும் பிள்ளையின் இரண்டு காதுகளையும் தனித்தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குக் காலையில் எழும்போது திடீரென ஒரு காது அடைத்திருந்தால், அழுக்குதான் என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அது திடீர் செவித்திறன் இழப்பாக இருந்தால், ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாள்களுக்குள் தொடங்குவது நல்லது. இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவானாலும், நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிக்குப் போய், நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கும்படி முன் பெஞ்சில் பிள்ளைக்கு ஓர் இடம் கேட்டு வாங்குங்கள். சாலைப்பக்க ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.